ஜெயினுலாபுதீனின் தற்காலிகப் பல்

மதுராந்தகம் கடைத்தெருவில் வேர்க்கடலை வியாபாரம் செய்த ஜெயினுலாபுதீனுக்குப் பல்தான் தராசு. செய்யூர்ப் பக்கத்திலிருந்து மூட்டை வந்து இறங்கினால், ஒரு பருப்பை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். சத்தம் வந்தால் காய்ந்த சரக்கு. வராவிட்டால், "இத்த இன்னும் வெயில்ல காட்டி எட்தா நைனா" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அப்படிப்பட்ட மனிதரின் ஈறெல்லாம் சீழ் கட்டி, 1956-ஆம் வருஷம், மிச்சமிருந்த பல் முழுவதையும் பிடுங்கும்படி ஆயிற்று.

செங்கல்பட்டுப் பல் டாக்டர் தற்காலிகமாக ஒரு செட்டு கொடுத்தார். ஈறு ஆறி வற்றினால்தான் சரியான அளவு எடுக்க முடியுமாம். அதுவரை இது ஆடத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ள வேண்டுமாம். பொறுமைக்கும் ஜெயினுலாபுதீனுக்கும் ஏழாம் பொருத்தம். பேசினால் மேல்செட்டு இறங்கி வந்தது, தும்மினால் கீழ்செட்டு கிளம்பிவிட்டது. பேரம் பேசும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டே பேசினார். எதிரில் இருந்தவர்கள், ஏதோ ரகசியம் சொல்கிறார் என்று காதை நீட்டினார்கள். பாவம், மனுஷன் அழாத குறை.

ஆனால் அவர் தூக்கத்தைக் கெடுத்தது கடை அல்ல, கல்யாணம். மகள் ஷாஜாதிக்குக் கோவளத்துக் கயிறு வியாபாரி நூர்முகமதுவின் பிள்ளையைப் பேசி, தேதியும் வைத்தாயிற்று. விருந்தில் சம்பந்திகள் இருவரும் ஒரே சஹனில் சாப்பிட வேண்டும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கைபோடும் பெரிய தாம்பாளம் அது. ஒருவர் கையை எடுத்துவிட்டால் மற்றவர்களும் எடுத்துவிடுவார்கள். பெண்ணைப் பெற்றவன் முதலில் கையை எடுத்தால், மாப்பிள்ளை வீட்டார் அரை வயிற்றோடு எழுந்திருக்க வேண்டியதுதான். அது காலத்துக்கும் பேச்சாகிவிடும். நூர்முகமதுவோ, சிரித்து யாரும் பார்த்ததில்லை என்று பெயர் எடுத்தவர். அந்த உம்மணாமூஞ்சியின் வீட்டில் தன் பெண் எப்படிப் பிழைப்பாளோ என்று ஜெயினுலாபுதீனுக்கு ஏற்கெனவே பயம்.

"கறிய தொடாதீங்க. வெறும் சோத்த முழுங்கிகினு இருங்க. யாரு பாக்கப் போறா?" என்றாள் மனைவி சைதூன்.

"அவுரு பாப்பாரு சைதூனு. அந்தாளு கண்ணு சும்மா இருக்காது."

"அப்போ செட்ட கழட்டி வெச்சிட்டுப் போங்க."

"பொக்க வாயோடவா? மாப்ள வூட்டுக்காரங்க முன்னாலயா? இன்னா பேசற நீ!"

சைதூன் விடவில்லை. தினமும் தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, எதிரே உட்கார்ந்து அவருக்குப் பயிற்சி கொடுத்தாள். அவர் வாய் கோணும்போதெல்லாம் சிரித்தாள். கதவுக்குப் பின்னால் நின்ற ஷாஜாதிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஒரு வழியாகச் சோறு பழகியது. கறி பழகவே இல்லை.

நிக்காஹ் முடிந்து பந்தி விரித்தார்கள். ஜெயினுலாபுதீனுக்கு எதிரே நூர்முகமது உட்கார்ந்தார். ஒரு பக்கம் நூர்முகமதுவின் அண்ணன், மாப்பிள்ளையின் பெரியத்தா கிஃபாயத்துல்லா; மறுபக்கம் சைதூனின் அண்ணன். முறைப்படி பெண்ணின் தகப்பன்தான் நல்ல கறித்துண்டாகப் பார்த்துச் சம்பந்தி பக்கம் தள்ள வேண்டும். தள்ளினார். நூர்முகமது அதில் பாதியைப் பிய்த்துத் திருப்பித் தள்ளினார்.

"நீங்களும் சாப்புடுங்க சம்பந்தி."

மறுத்தால் மரியாதை இல்லை. வாயில் போட்டு ஒரே ஒரு கடி கடித்தார். கீழ்செட்டு கறியைக் கவ்விக்கொண்டே வெளியே வந்து, நெய்ச்சோற்றின் நடுவில் விழுந்தது.

கிஃபாயத்துல்லா கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். அக்கம்பக்கத்துச் சஹன்களில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெயினுலாபுதீனுக்குத் தலை நிமிரத் தைரியம் இல்லை. பெண்ணின் வாழ்க்கையைத் தானே கெடுத்துவிட்டதாக நினைத்து, உட்கார்ந்த இடத்திலேயே ஒடுங்கிப் போனார்.

"உக்காருண்ணே," என்றார் நூர்முகமது. குரல் உயரவில்லை. "சஹன்ல கீறோம். இன்னும் யாரும் துன்னு முடிக்கல."

கிஃபாயத்துல்லா உட்கார்ந்தார். நூர்முகமது அந்தப் பல்லைத் தன் கையாலேயே எடுத்து, செம்புத் தண்ணீரில் அலசி, தன் கைக்குட்டையில் முடிந்து சம்பந்தியின் மடியில் வைத்தார். பிறகு, பல் விழுந்த இடத்திலிருந்தே ஒரு பிடி சோற்றை அள்ளித் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"மேல இருக்கறதயும் கழட்டிட்டு நிம்மதியா சாப்புடு அண்ணாத்த," என்றார்.

அவர் முகத்தில் அப்போதும் சிரிப்பு இல்லை. கறியை நார் நாராகப் பிய்த்துச் சோற்றோடு பிசைந்து, எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். ஜெயினுலாபுதீன் பொக்கை வாயோடு வயிறு நிறையச் சாப்பிட்டார். இந்த மனிதரின் வீட்டுக்கா பெண்ணை அனுப்பப் பயந்தோம் என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சில மாதங்களில் நிரந்தரப் பல் வந்து சேர்ந்தது. அளவு கச்சிதம். கடலையைக் கடித்தால் பழைய சத்தமே கேட்டது. ஆனாலும் மகளைப் பார்க்கக் கோவளம் போகும்போதெல்லாம், பஸ்ஸை விட்டு இறங்கியதும் செட்டைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொள்வார்.

"நல்ல பல்ல பையில வெச்சிகினு ஏன் இந்தக் கூத்து?" என்று சைதூன் முறைப்பாள்.

"சும்மா இரு. அவுரு கறி பிச்சிக் குடுப்பாரு," என்பார் ஜெயினுலாபுதீன்.