பார்தா விடோரும் மனைவியும்

எங்கள் ஊரில் பெயருக்கும் ஆளுக்கும் ஏழாம் பொருத்தம். விடோர் என்றால் குதூகலமானவன் என்று பொருள். பார்தா விடோர் சிரித்து அவர் பெற்ற பிள்ளைகூடப் பார்த்ததில்லை. ஸிலார்ட் என்றால் உறுதியானவன். கல்லறைக் கல் செதுக்கும் எங்கள் ஊர் ஸிலார்டுக்குக் காலையில் பழச்சாராயம் உள்ளே போகாவிட்டால் கையில் உளி நிற்காது. என் பெயர் இபோயா, ஊதாப்பூ. கல்லறைத் தோட்டத்து வாசலில் பூ விற்கிறேன், அந்த அளவுக்குப் பொருத்தம்தான். உடம்பைப் பார்த்தால் முட்டைக்கோஸ் என்றுதான் வைத்திருக்க வேண்டும்.

விடோரின் மனைவி பெயர் எனக்கு நெடுநாள் தெரியாது. ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. கல்யாணமானால் எங்கள் பெண்கள் புருஷனுடைய குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்வதில்லை. அவனுடைய சொந்தப் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள், கடைசியில் 'னே' என்று ஒரு வாலோடு. பார்தா குடும்பப் பெயர், விடோர் அவருடைய பெயர்; பார்தா விடோர்னே என்றால் பார்தா விடோரின் பெண்டாட்டி. தபால்காரர் அப்படித்தான் கூப்பிட்டார், மருந்துக்கடையிலும் அப்படித்தான். தீஸா ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களெல்லாம் அக்கரையிலேயே செத்துப்போனார்கள். புருஷனுக்கு அவள் வெறும் 'ஏய்'.

விடோர் கைநீட்டுகிற ஆளில்லை. அடித்தால் காயமாவது ஆறியிருக்கும். ரயில்வே பட்டறையிலிருந்து வருவார், சூப்பைக் குடிப்பார், சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். உயிரோடு இருக்கும்போதே தன் கல்லறைக்குக் கல் வாங்கி நட்டுவிட்டார். எங்கள் பக்கம் வசதியுள்ளவர்கள் செய்வதுதான் அது. கல்லில் 'பார்தா விடோரும் மனைவியும்' என்று பொறித்திருந்தது. அதையும் இங்கே யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள். வரிசையாகப் போய்ப் பாருங்கள், பாதிக் கல்லில் 'மனைவியும்' என்றுதான் இருக்கும். எத்தனை மனைவிகள், ஒருத்திக்கும் பெயரில்லை. எனக்கு அதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

அவர் செத்த பிறகு அவள் தினமும் தண்ணீர்ச் செம்போடு வருவாள். போகும்போது என் கடையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவாள். ஒருநாள் கேட்டாள்:

"உன்ன யாராச்சும் பேர் சொல்லிக் கூப்பிடறாங்களா இபோயா?"

"ஏன் கூப்பிடாம? எங்க வீட்டு ஆளுக்குச் சாராயம் தீந்துபோனா தெருவே கேக்கற மாதிரி கூப்பிடுவாரு."

"குடுத்து வெச்சவடி நீ."

"சரி, உங்க பேரு என்னக்கா?"

யாராவது திட்டிவிடப் போகிறார்கள் என்பதுபோல் சுற்றிலும் பார்த்தாள்.

"ஹாய்னல்."

ஹாய்னல் என்றால் விடியல். நான் சிரித்துவிட்டேன். "விடோருக்கு விடியலா! ரெண்டு பேரும் சேந்து வீட்டை இருட்டாக்கி வெச்சிருந்தீங்களே!" என்றேன். அவளும் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு போய்விட்டது.

"எம் பையன் ஆர்பாத்துக்கு முன்னாடி எனக்கு ஒரு பொண்ணு பொறந்துச்சு. மூத்த பொண்ணுக்கு அம்மா பேரு வெக்கிறது வழக்கமாச்சே, அவளும் ஹாய்னல்தான். அந்தப் பேரச் சொல்லி அவளக் கூப்பிட்டா, என்னையே யாரோ கூப்பிடற மாதிரி இருக்கும். அந்தக் குளிர்காலத்தத் தாண்டல குழந்த."

"எங்க வெச்சீங்க?"

"குழந்தைங்க வரிசையில. மரச்சிலுவை நட்டாங்க. குழி எடத்துக்குக் கட்டின வாடகைத் தவணை முடிஞ்சப்ப இவரு போய்ப் புதுப்பிக்கல. 'பால்குடிக்கு எதுக்கு எடம்'னுட்டாரு. மண்வெட்டியால சமம் பண்ணிட்டாங்க. இப்ப நீங்கள்லாம் வாடின பூவக் கொட்டற எடம் இருக்கே, அதான்."

கடை போட்ட நாளிலிருந்து விற்காத சாமந்தியையெல்லாம் அங்கேதான் கொட்டிக்கொண்டிருந்தேன். அன்றோடு விட்டேன்.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தக் கல்லில் தன் பெயர் வரவேண்டும். "ஒரே பேரு போதும் இபோயா. நாங்க ரெண்டு பேரும் அதுக்குள்ளயே இருந்துக்குவோம்" என்றாள். புடாபெஸ்டில் இருந்த மகன் ஆர்பாத்திடம் சொல்லியும் பார்த்தாள். அவன் கெட்டவனில்லை. ஆர்பாத் என்றால் வாற்கோதுமைமணி என்பார்கள், குணமும் அப்படித்தான், பசிக்கு ஆகும், ருசிக்கு ஆகாது. "அப்பாவே பாத்துப் பாத்து எழுதச் சொன்ன கல்லும்மா. அப்பாவோட பொண்டாட்டி யாருன்னு ஊருக்குத் தெரியாதா?" என்று முடித்துவிட்டான்.

அதற்குமேல் அவள் யாரையும் கேட்கவில்லை. விடோரின் பட்டறைப் பெட்டியிலிருந்து கூரான எஃகுக் கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். வேனிற்காலம் முழுக்க, தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் மண்டியிட்டு, பூஜாடிக்குப் பின்னால் கல்லின் அடியில் கீறினாள். வாசலில் ஆள் வந்தால் நான் இருமுவேன். என் இருமலைக் கேட்டுப் பாதிரியார் எனக்குக் காசநோய் என்றே நினைத்துவிட்டார். விரல்முட்டி வீங்கிய கையை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக எழுதினாள். முடித்த அன்று என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஜாடியை நகர்த்தினாள்.

"படி."

"ஹாய்னல்."

"இன்னொரு தடவ. மொதல்ல படிச்சது எனக்கு, இது அவளுக்கு."

படித்தேன். எழுத்து கோணலும் மாணலுமாக இருந்தது. ஆனால் ஒருத்தி அப்படிப் பூரித்து நின்றதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வீட்டுக்குப் போய்க் கசகசா ரொட்டி சுட்டுக்கொண்டு வந்து எனக்கு ஊட்டாத குறைதான்.

அப்புறம் எல்லாப் புனிதர் திருநாள் வந்தது. அதற்கு முந்தின வாரம் ஊரே கல்லறைகளைத் தேய்த்துக் கழுவும். அழுக்குக் கல்லை விட்டுவைத்தால் செத்தவருக்கு அவமானம், இருப்பவர்களுக்கு அதைவிட அவமானம். நான் பூ எடுக்கக் கண்ணாடிக் குடிலுக்கும் வாசலுக்குமாக அலைந்துகொண்டிருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்க்க நேரமில்லை.

திருநாளன்று ஆர்பாத் மனைவியோடும் பிள்ளைகளோடும் வந்து இறங்கினான். அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு உள்ளே போனான். நான் சாமந்திக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பக்கத்துக் கல்லில் ஸிலார்ட் ஏதோ பூசிக்கொண்டிருந்தான். விடோரின் கல் கண்ணாடிபோல் மின்னியது.

"பாத்தியாம்மா! உங்கிட்ட சொல்லாம ஸிலார்டுக்குப் போன் பண்ணி மெருகு போடச் சொன்னேன்" என்றான் ஆர்பாத். முகமெல்லாம் பெருமை.

அவள் குனிந்து ஜாடியை நகர்த்தினாள். விரலால் தடவினாள். மறுபடியும் தடவினாள்.

ஸிலார்ட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தான். "விடோர்னே அம்மா, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. எவனோ ஒரு போக்கிரி அடியில கீறி வெச்சிருந்தான். அவன் காதலி பேரு போல. இவனுங்களுக்கு மரம் பத்தல, பெஞ்சு பத்தல, இப்ப கல்லறைக்கே வந்துட்டானுங்க. தம்பிகிட்ட போன்லயே சொன்னேன். ஒண்ணும் விடாம சாணை புடிச்சு எடுத்தாச்சு."

"என்ன பேராம்?" என்று மருமகள் கேட்டாள், சும்மா வாய்க்கு வந்ததைக் கேட்பதுபோல.

"ஹாய்னல்."

மருமகள் தலையாட்டிவிட்டு மெழுகுவத்தியைத் தேடினாள். அவளுக்கும் தெரியவில்லை. எத்தனையோ வருட மாமியார்! ஆர்பாத்துக்கு மட்டும் முகம் வெளுத்துப்போனது. அக்காவென்று ஒருத்தி இருந்தது அவனுக்குத் தெரியும், அம்மா பெயர்தான் அவளுக்கும் என்பதும் தெரியும். போனில் எந்தப் பெயர் என்று ஒரு வார்த்தை அவன் கேட்கவில்லை.

"அம்மா... நான் இப்பவே பொறிக்கச் சொல்றேம்மா. தங்க எழுத்துலயே. ஸிலார்ட், நாளைக்கே..."

அவள் நிமிர்ந்தாள். கோபமாகப் பேசியிருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

"ஒரு தடவ காய்ச்சல் கொண்டுபோச்சு. ஒரு தடவ மண்வெட்டி. இப்ப நீ. போதும்டா. மறுபடியும் வெச்சு மறுபடியும் பறிகொடுக்க எனக்குத் தெம்பில்ல."

ஸிலார்டுக்கு அப்போதுதான் விளங்கியது. தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான். அவள் ஜாடியைப் பழைய இடத்தில் வைத்து, பேரப்பிள்ளைகளின் கழுத்துத் துணியை இழுத்துக் கட்டிவிட்டு, முன்னால் நடந்துபோனாள். அதற்குப் பிறகு தண்ணீர்ச் செம்போடு அவள் வரவேயில்லை.

பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தாள். மண் உறைந்து கிடந்ததால் குழி வெட்டுகிறவர்கள் நாள் முழுக்கக் கெட்ட வார்த்தை பேசினார்கள். விடோருக்குப் பக்கத்தில்தான் வைத்தார்கள், வேறெங்கே வைப்பார்கள்? பெயரைப் பொறிக்க ஆர்பாத்துக்குத் தைரியம் வரவில்லை. அம்மா வேண்டாமென்று சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவள் சொன்னது கோபத்திலா களைப்பிலா என்று அந்த வாற்கோதுமைமணிக்கு எங்கே தெரியப்போகிறது! ஸிலார்ட் வந்து, 'மனைவியும்' என்பதற்குக் கீழே செத்த வருடத்தை மட்டும் செதுக்கிவிட்டுப் போனான். அன்றைக்கு அவன் குடிக்காமல் வந்திருந்தான். எண்கள் நடுங்கியிருக்கின்றன.

நான் கடை கட்டும்போது அந்தக் கல் வழியாகத்தான் போகிறேன். ஜாடியை நகர்த்திவிட்டு, அங்கே இல்லாத பெயரை வாய்விட்டுப் படிக்கிறேன். இரண்டு தடவை.