பத்து நிமிடத்தைப் பின்னுக்குத் தள்ளியவன்

என் தங்கை கோமதியின் கழுத்தில் தாலி ஏறியது ராகு காலத்தில். அதற்குக் காரணம் நான். அதை ஆறு வருடமாக மூடி மறைத்து வைத்திருப்பவனும் நான்தான்!

பயந்துவிடாதீர்கள். கோமதிக்கு ஒரு குறையும் இல்லை. ராகு பகவான் அன்று வேறு எங்கோ வேலையாக இருந்திருக்க வேண்டும். புருஷனும் பெண்டாட்டியும் வெலிமடையில் லீக்ஸும் கரட்டும் போட்டு, இரண்டு பிள்ளைகளைப் பெற்று, சண்டை போட நேரமில்லாமல் சிரித்துக்கொண்டு இருக்கிறார்கள். என் நெஞ்சில் கிடந்து உறுத்துவது அவர்கள் வாழ்க்கை அல்ல. அது வேறொருவரின் மணிக்கட்டு... வருகிறேன், அதற்குத்தான் வருகிறேன்.

பண்டாரவளையில் எனக்கொரு ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், சாமத்தியச் சடங்கு, கோவில் திருவிழா, அடையாள அட்டைப் படம் என்று சுற்றுவட்டத் தோட்டங்களில் என் கமராவுக்கு முன்னால் நிற்காத முகம் குறைவு. அப்படிப்பட்டவனின் தங்கைக்குக் கல்யாணம்! எங்களுக்கு அப்பா இல்லை. ஆகவே மணவறையில் உட்கார்ந்து தங்கையைத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவனும் நான்தான். படம் எடுப்பது யார்?

"ஏங்க, பதுளையில இருந்து ஒரு போட்டோக்காரரக் கூப்பிடுங்களேன்" என்றாள் என் மனைவி.

"என் தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னொருத்தன் படம் எடுக்கிறதா? ஊரு சிரிக்காது?"

பார்த்தீர்களா? முதல் வினை அங்கேதான் முளைத்தது. அதற்குப் பெயர் தொழில் பக்தி என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால் வெறும் தலைக்கனம்!

பதுளைக்குப் போய் ஒரு சாமான் வாங்கி வந்தேன். உள்ளங்கையளவு கறுப்புப் பெட்டி. ஒரு வயரால் கமராவோடு இணைத்துவிட வேண்டியது. எத்தனை செக்கன் கழித்து முதல் படம், எத்தனை செக்கனுக்கு ஒரு படம், மொத்தம் எத்தனை படம் என்று அதற்குள் சொல்லி வைத்துவிட்டால் போதும். நாம் எங்கே இருந்தாலும் அது பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருக்கும். கடைக்காரரான முஸ்லிம் அண்ணன், எங்கள் ஊர் வழக்கில் நானா, கண்ணாடி மேசையில் வைத்துப் பாடம் எடுத்தார்.

"இங்க பாருங்க தம்பி, இது மணித்தியாலம், நடுவுல நிமிஷம், கடைசியில செக்கன். இத மட்டும் மாத்திப் போட்டுறாதீங்க."

"நமக்குத் தெரியாததா நானா!" என்று சிரித்தேன்.

இன்னொரு கூத்தும் செய்தேன். தாலி கட்டும் நேரத்தில் சனம் முழுக்கக் கையைத் தூக்கிப் போனில் படம் பிடித்தால் என் படம் என்ன ஆவது? கல்யாணம் நடக்கும் கோவிலின் வாசலில் ஒரு பிரம்புக் கூடையை வைத்து, உள்ளே வருகிற எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டு வரவேண்டும் என்று சட்டம் போட்டேன். மாப்பிள்ளை வீட்டார்கூட முணுமுணுத்துக்கொண்டு போட்டார்கள். போன் வந்த பிறகு கையில் கடிகாரம் கட்டுகிறவர் யார்? ஆக, அன்று அந்தக் கோவிலுக்குள் நேரம் காட்டும் பொருள்கள் இரண்டே இரண்டுதான் இருந்தன. ஒன்று என் கமரா. மற்றது ராமையா மாமாவின் கையில் கட்டியிருந்த கடிகாரம்.

ராமையா மாமா மாப்பிள்ளையின் சித்தப்பா. அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் முப்பது வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். காலையில் வேலையாட்கள் கூடும் பெரட்டுக் களத்தில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஆள் எண்ணுவார். பிந்தி வந்தால் அரைப்பேர்தான், பாதிநாள் சம்பளம்தான். அவரிடம் வேலை செய்தவர்கள் அவரை இன்றைக்கும் திட்டுகிறார்கள். ஆனால் அவர் சொன்ன நேரம் பிழை என்று அவர்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை!

வெள்ளிக்கிழமை. பத்தரை வரைக்கும் முகூர்த்தம். பத்தரைக்கு ராகு காலம். அப்புத்தளை ஏற்றத்தில் பனிமூட்டம் அடைத்து மாப்பிள்ளை வீட்டு பஸ் பிந்தியதால், சடங்குகள் அவசரமாகவே நடந்தன. நான் முக்காலியில் கமராவை நிறுத்தி, ஐந்து செக்கனுக்கு ஒரு படம் என்று பெட்டிக்குச் சொல்லி, பொத்தானை அழுத்தினேன். 'க்ளிக்' என்றது. திருப்தியோடு வந்து மணவறையில் உட்கார்ந்து, தாரை வார்த்தேன்.

குருக்கள் தாலியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்றார். மேளம் இடித்தது. எல்லோருடைய கண்ணும் தாலியில். என் காது மட்டும் கமராவில்.

சத்தமே இல்லை.

ஐந்து செக்கன்... பத்து... ஏன் அடிக்கவில்லை? அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நான் போட்ட ஐந்து, நடுவில் இருந்தது. செக்கன் இல்லை, நிமிஷம்!

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன்.

நீங்களே நினைத்துப் பாருங்கள். தாலி கட்டப் போகிற நேரத்தில் பெண்ணின் அண்ணன் எழுந்து நின்று நிறுத்தச் சொல்கிறான்! மேளக்காரர் கோல் அந்தரத்தில் நின்றது. மாப்பிள்ளை தாலியோடு சிலையாகிவிட்டார். அவருடைய அம்மா, எனக்கு அத்தை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கோமதி மட்டும் தலையை நிமிர்த்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணே, என்னா பண்றீங்க?" என்றாள்.

"ரெண்டே நிமிஷம்! படம் விழுகல!"

கோவில் முழுக்கச் சிரிப்பு பொங்கியது. குருக்கள்கூடச் சிரித்துவிட்டார். எல்லோரும் சிரித்ததால் நேரம் போனதே ஒருவருக்கும் தெரியவில்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் முடிந்ததா? என் விரல் முழுக்கச் சந்தனமும் நெய்யும். பொத்தான் வழுக்கியது. அழுத்தக்கூடாத எதையோ அழுத்தி, பெட்டி பூட்டிக்கொண்டது. சரி, பற்றரியைக் கழற்றிப் போடுவோம் என்றால், அதில் ஒன்று உருண்டு மணவறைக்கு அடியில் போய்விட்டது. மாப்பிள்ளையின் தோழர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்துத் தேடினார்கள். அது கிடைத்தபோது லென்ஸில் பனி படிந்திருந்தது. சால்வையால் துடைத்தேன். ஒருவழியாக 'க்ளிக்... க்ளிக்...' என்று அடிக்க ஆரம்பித்தது. தாலி ஏறியது. அட்சதை பறந்தது. என் கண்ணிலும் தண்ணீர். என்ன சந்தோஷம், என்ன சந்தோஷம்!

பந்தியில் ராமையா மாமா பக்கத்து இலைக்காரரிடம் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவர் மெதுவாகச் சொன்னால் தோட்டத்தின் அடுத்த டிவிசனுக்குக் கேட்கும்.

"பத்து முப்பத்தாறுக்குத்தான் தாலி ஏறிச்சு. ராகு காலம் பொறந்து ஆறு நிமிஷம்."

மூன்றாம் நாள் கோமதி வெலிமடையிலிருந்து ரகசியக் குரலில் போன் எடுத்தாள்.

"அண்ணே, அத்த சரியா சோறு திங்க மாட்டேங்கிறாங்க. பால் பொங்கி வழிஞ்சாலும் ராகு காலம், கோழி கத்தினாலும் ராகு காலம். என்னயப் பாத்தாலே கண்ணத் தொடைக்கிறாங்க. எனக்கு இங்க இருக்கவே பயமா இருக்குண்ணே... ஒங்க படத்துல நேரம் இருக்குமில்ல? கொண்டாந்து காட்டுங்கண்ணே. படத்தச் சொன்னா நம்புவாங்க."

பாவம், அவள் என்னை நம்பித்தான் கேட்டாள். என் அண்ணன் இரண்டு நிமிடம் என்றால் இரண்டு நிமிடம்தான் என்று அவள் நினைத்தாள்.

ஸ்டூடியோவில் கணினியைத் திறந்தேன். வெளியே ஓர் அம்மா பாஸ்போட் படத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். தாலி ஏறும் படத்தின் மேல் சுட்டியை வைத்தேன். பத்து முப்பத்தாறு.

மாமாவின் கணக்கு ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை!

இப்போது நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? "அத்தை, தப்பு என்னுடையது, ராகு காலத்தில்தான் தாலி ஏறியது" என்று போய்ச் சொல்லியிருப்பீர்களா? அப்படிச் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் என் தங்கையின் கதி? யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், எந்த வருடம் உருளைக்கிழங்கு விலை விழுந்தாலும், கண்கள் எல்லாம் அவள் பக்கம்தானே திரும்பும்? தங்கைக்காகச் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அது பாதி உண்மை. என் தலைக்கனத்தால் வந்த வினை என்று ஊர் சொல்லிவிடக் கூடாதே என்ற பயம்தான் மறு பாதி.

படங்களின் நேரத்தை மொத்தமாக மாற்றுவது எங்கள் தொழிலில் சின்ன வேலை. அத்தனை படங்களையும் பத்து நிமிடம் பின்னுக்குத் தள்ளினேன். பத்து இருபத்தாறு. முகூர்த்தம் முடிய இன்னும் நாலு நிமிடம்!

வெளியே இருந்த அம்மாவைக் கூப்பிடப் போனவன், எதற்கும் ஒரு தடவை என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குருக்களின் தோளுக்குப் பின்னால் ராமையா மாமா நின்றார். எல்லோரும் அட்சதை போடுகிறார்கள். அவர் மட்டும் கையை மடக்கி, கடிகாரத்தைப் பார்க்கிறார். முகத்தில் ஒரு பெருமிதம். கடிகாரத்தின் முகம் சற்றுச் சாய்ந்து கமராப் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு முள்ளும் தெளிவாகத் தெரிந்தன.

அவர் நின்ற பக்கத்தை எல்லாப் படங்களிலும் வெட்டினேன்... ஆமாம், சொந்த அண்ணன் மகனின் கல்யாணப் படத்திலிருந்து அந்த மனுஷரை வெட்டி எடுத்தேன்!

மறுநாள் வெலிமடையில், உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் மடிக்கணினியை வைத்துக் காட்டினேன். அத்தை எழுத்துக்கூட்டிப் படித்தார். பத்து... இருபத்தாறு. அடுத்த நிமிடம் கோமதியைக் கட்டிப் பிடித்து அழுதுவிட்டார். பிறகு அங்கே வந்திருந்த ராமையா மாமா பக்கம் திரும்பி, "நல்ல நாளும் அதுவுமா இப்பிடி வாய வச்சிட்டீங்களே கொழுந்தனாரே! இருபத்தாறுக்கும் முப்பத்தாறுக்கும் வித்தியாசம் தெரியலயா?" என்றார்.

வீடே சிரித்தது. வயசாச்சு, கணக்கப்பிள்ளைக்குக் கணக்கு மறந்து போச்சு என்று ஆளாளுக்குக் கேலி. எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தது யார் தெரியுமா? நான்தான்!

மாமா கோபப்படவில்லை. திரையைப் பார்த்தார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். "மெசின் பொய் சொல்லாது. எனக்குத்தான் தப்பியிருச்சு" என்றார்.

அவர் பதுளைக்குப் போய்க் கடிகாரத்தைக் காட்டினாராம். கடிகாரம் நன்றாக ஓடுகிறது என்றார்களாம். கண்ணைக் காட்டினாராம். கண்ணிலும் கோளாறு இல்லை என்றார்களாம். இதையெல்லாம் கோமதி சிரித்துச் சிரித்துத்தான் எனக்குச் சொன்னாள். கடிகாரமும் சரி, கண்ணும் சரி என்றால், அந்த மனுஷர் பிழையை எங்கே போய்த் தேடியிருப்பார்? தன் தலைக்குள்தானே?

அன்றிலிருந்து அவர் யாருக்கும் நேரம் சொல்வதில்லை. மணி என்ன என்று கேட்டால் கையை நீட்டி, "நீங்களே பாத்துக்கங்க" என்கிறார். அது அவருடைய புது வேடிக்கை என்று பிள்ளைகள் அடிக்கடி கேட்டு விளையாடுகிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறார். அந்தக் கை நீளும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

சொல்லிவிடலாமே என்கிறீர்களா? நூறு தடவை கிளம்பியிருக்கிறேன். அவரிடம் சொன்னால் அவர் அத்தையிடம் சொல்லாமல் இருக்க மாட்டார். இருக்கவும் வேண்டாம், அது அவருடைய நியாயம். ஆனால் போன மாதம் கோமதியின் சின்ன மகனுக்கு மூச்சிழுப்பு வந்தபோது, அத்தை அவளைத் தேற்றியது எப்படி என்று கேட்டீர்களானால்... "ஒனக்கு நல்ல நேரத்துல தாலி ஏறியிருக்கு புள்ள, ஒண்ணும் ஆகாது" என்றாராம். இதைக் கேட்ட பிறகு வாய் திறக்குமா எனக்கு?

மூன்று வாரத்துக்கு முன் பண்டாரவளை பஸ் நிலையத்தில் மாமாவைப் பார்த்தேன். மரக்கறிச் சந்தைக்கு வந்திருந்தார். பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். ஊர்க்கதை எல்லாம் பேசிச் சிரித்தோம். போகும்போது, வெட்கப்பட்ட மாதிரி ஒன்று கேட்டார்.

"மாப்ள, கோமதி கல்யாணத்துல நான் ஐயருக்குப் பின்னாலதான நின்னேன்? அல்பத்துல காணோமே. அதுவும் எனக்குத் தப்பா நெனப்பு வருதா?"

அதற்கும் ஆமாம் போட என்னால் முடியவில்லை. அந்த அளவுக்கு நான் கெட்டவனில்லை, நம்புங்கள்!

"இல்ல மாமா. நீங்க அங்கதான் நின்னீங்க. எனக்கு நல்லாத் தெரியும்."

"நெசமாவா?" முகம் முழுக்கச் சிரிப்பு. "அப்ப நான் விழுந்த படம் ஒண்ணு எங்கனயாவது கெடக்கும். தேடிப் பாரு மாப்ள. வீட்டுல காட்டணும்."

பஸ் வந்தது. கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வருகிறது. இன்றைக்கும் வந்தது.

"படம் கெடச்சிச்சா மாப்ள?"

"தேடிக்கிட்டு இருக்கேன் மாமா" என்றேன்.

அப்போது அந்தப் படம், வெட்டாமல், என் முன்னால் திரையில் திறந்துதான் இருந்தது.