கயிற்றில் முடிந்த நீலப் பட்டை

எங்கள் வீட்டுத் துணிக்கொடி ஒரு காலத்தில் கிணற்றுக் கயிறாக இருந்தது. பாதி தேங்காய்நார்க் கயிறு, மீதி நீல பிளாஸ்டிக் பட்டை. போன வாரம் வரை கயிறு இற்று நூல் நூலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பட்டை அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்தாலே என் நாத்தனார் நினைவுதான். பட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தவள் நான்.

தொண்ணூறுகளில், மாநில எல்லையில் ஜூஜுவாடிப் பக்கம் ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் கம்பெனியில் இருந்தேன். செக்போஸ்டில் நிற்கும் பஸ்களில் விற்கிற மலிவுத் தண்ணீர். ஒவ்வொரு பாட்டிலையும் டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கி, கவிழ்த்து, தூசு மிதக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. மயிரிழை கிடந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. கம்பெனிச் சுவரை ஒட்டித்தான் நாத்தனாரின் தக்காளித் தோட்டம். எங்கள் கம்பெனி போர்வெல் ஓட ஓட அவர் கிணற்றுத் தண்ணீர் கீழே போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து எறிந்த காலி பாட்டில்கள் அவர் வரப்போரம் வந்து குவிந்தன. “தண்ணி அவங்களுக்கு, டப்பா நமக்கா?” என்று சிரிப்பார்.

நாற்று வாடிய அன்று அவர் சிரிக்கவில்லை. “புள்ள, உங்க சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்த கேளேன். காலையில கொஞ்ச நேரம் மோட்டார நிறுத்துனா போதும், நாத்து பொழச்சிக்கும்.”

“சரிங்க அண்ணி” என்றுவிட்டேன்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். சூப்பர்வைசர் கன்னடக்காரர், நல்ல மனுஷர். “ஏனம்மா, என்ன வேணும்?” என்றார். நான் தலையைக் குனிந்தேன். பெட்டி கட்டி மிஞ்சிய பட்டைகள் தரையில் கிடந்தன.

“இந்த வேஸ்ட் பட்டய எடுத்துக்கட்டுங்களா சார்? கெணத்துக் கயிறு எட்டல.”

“இதுக்கா இவ்ளோ பயம்? எடுத்துக்கம்மா.”

சாயந்திரம் நாத்தனார், “கேட்டியா?” என்றார். தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. முடியாது என்று சொல்லிவிட்டார்களென்று எடுத்துக்கொண்டார். “போவட்டும் விடு. நீ கயிறாச்சும் கொண்டாந்தியே” என்று பட்டையை முடிந்து, அன்றே இறைக்க ஆரம்பித்தார்.

நாற்று பிழைக்கவில்லை. அடுத்த கோடையில் கிணற்றில் சேறுதான். அவரும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து என் பக்கத்தில் நின்றார். முதல் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தார். “தூசு ஒண்ணுமில்ல புள்ள. நல்லாத்தான் இருக்குது” என்று தள்ளிவிட்டார். அவர் உள்ளங்கையில் குறுக்காகப் பழைய கீறல்கள் தெரிந்தன.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். போன வாரம் கொடி அறுந்தது. இற்ற கயிற்றை வீசிவிட்டு, புதுக் கயிற்றோடு பட்டையைச் சேர்த்து இழுத்து முடிந்தேன். உள்ளங்கையை அறுத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அதை நான் இழுத்தது அன்றுதான்.