ஐந்தரை மணி மதகு

1988ஆம் ஆண்டு, மழைக்காலத்தின் தொடக்கத்தில் அவரை முதன்முதலாகச் சந்தித்தேன். நகராட்சிக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் அன்றுதான் பணியில் சேர்ந்திருந்தேன். சொட்டச்சொட்ட நனைந்த குடையை எங்கே வைப்பது என்று விழித்துக்கொண்டிருந்த என்னிடமிருந்து, காக்கிச் சட்டை அணிந்த ஆபரேட்டர் அதை வாங்கித் தொட்டியின் கைப்பிடிக் கம்பியில் மாட்டினார்.

"மூக்கைப் பொத்தாதீங்க மேடம். ஒரு வாரத்துல வழிக்கு வந்துடும்."

"வரலைன்னா?"

"என் சம்சாரத்துக்கே வந்துடுச்சு. உங்களுக்கு வராதா?"

அவருடைய மனைவியோ, கொல்லைக் குழாயடியில் இருமுறை சோப்புப் போட்டுக் குளித்த பிறகே அவரைக் குடியிருப்புக்குள் அனுமதிப்பார் என்பதைப் பின்னர் அறிந்தேன்.

இரவெல்லாம் கடைசித் தொட்டியில் தெளிந்து நிற்கும் நீரைக் காலை ஐந்தரை மணிக்கு மதகைத் திறந்து ஆற்றில் விடுவதும், ஆறரைக்கு மூடுவதும் அவருடைய பொறுப்பு. காய்ச்சலிலும் அதை அவர் பிறரிடம் விட்டதில்லை.

நான் ஓய்வுபெற்றுச் சில ஆண்டுகளுக்குப் பின், ஊருக்கு வெளியே பெரிய நிலையம் ஒன்று கட்டப்பட்டது, பழையது மூடப்பட்டது. ஓய்வுக்கு ஓராண்டே இருந்ததால் அவரைக் காவலராக அங்கேயே விட்டுவைத்தார்கள். தொட்டிகளை வடித்துக் கழுவிக் காயவைத்தாயிற்று. ஆனால், ஐந்தரை மணியானதும் அவர் எழுந்துபோய் மதகின் சக்கரத்தைச் சுற்றிவிடுவார், ஆறரைக்கு மூடுவார். வெளியே விடுவதற்கு நீரில்லை என்பது அவருடைய நினைவுக்கே வரவில்லை. மழையில் ஆறு உயர்ந்ததும், அதன் நீர் நாள்தோறும் ஒரு மணி நேரம் உள்ளே வந்து தங்கியது. அவர் அதைக் கவனித்தபோது தொட்டியில் இடுப்பளவு நீர் நின்றது, மீன்கள் துள்ளின, கரையில் நான்கு நாரைகள் நின்றன. வடித்துவிட அவருக்கு மனம் வரவில்லை. அதன்பின், ஆறு உயர்ந்திருக்கும் நாள்களில் மட்டும் வேண்டுமென்றே திறந்தார்.

மழை ஓய்ந்த ஒரு மாலையில், என் வீட்டு வாசலில் முகம் வாடி நின்றார்.

"நாளைக்கு இன்ஜினீயர் வர்றார் மேடம். தொட்டியில தண்ணி நிக்குறதால மதகு கசியுதாம். வெள்ளம் வந்தா பக்கத்துத் தெரு முழுகிடுமாம். தொட்டியை மண்ணு போட்டு மூடப்போறாங்க."

"கசியுதா?"

"ஒரு சொட்டு கசியாது! நான் திறந்துவிட்டேன்னு சொன்னா என் மேல நடவடிக்கை எடுப்பாங்க. சொல்லலைன்னா நாரைங்க போயிடும்."

"என்ன செய்யப்போறீங்க?"

"அதான் என் சம்சாரமும் கேட்டா. நேத்து ராத்திரி சாப்பாடு போடலை."

மறுநாள் துணைக்கு நானும் சென்றேன். இளைஞரான பொறியாளர் மதகைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

"எங்க கசியுது?"

"கசியலை சார். நான்தான் திறந்தேன். காலையில ஐந்தரைக்கு."

"நிலையத்தை மூடியாச்சே! எதுக்குத் திறந்தீங்க?"

"ஐந்தரை ஆயிடுச்சே சார்!"

பொறியாளர் என்னைப் பார்த்தார். நான் நாரைகளைப் பார்த்தேன். பொறியாளருக்குச் சிரிப்பு பீறிட்டது. பின்னர், மதகை அவரே இறுக மூடி, நீர்மட்டத்தைச் சுவரில் சுண்ணக்கட்டியால் குறித்தார். அடுத்த நாள் ஆறு இரண்டடி உயர்ந்திருந்தது, கோடு அசையவில்லை. மதகு பழுதற்றது, தெருவுக்கு ஆபத்தில்லை, தொட்டியை மூடத் தேவையில்லை, ஆறு உயரும் நாள்களில் மதகைத் திறக்கலாம் என்று அறிக்கை எழுதினார். அனுமதியின்றித் திறந்ததற்காக ஆபரேட்டருக்கு எழுத்துமூலம் ஓர் எச்சரிக்கையும் கிடைத்தது. அதை அவருடைய மனைவி சட்டமிட்டு மாட்டியிருக்கிறார்.

அவர் ஓய்வுபெற்ற அன்று, பறவைகளின் எண்ணிக்கை அறுபதைத் தாண்டியிருந்தது. சக்கரத்தைப் புதிய காவலரிடம் ஒப்படைத்தவரிடம், அவருக்காக நகராட்சி என்ன செய்ய வேண்டும் என்று பொறியாளர் கேட்டார்.

"மதகுக்குப் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுக் குடுங்க சார். நின்னு பாத்தா, வேலை செய்யணும்போலவே இருக்கு."