தள்ளிப்போன ரீடிங்

ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் வசிக்கிறோம். மின்சார ஒழுங்குமுறை ஆணையம் யூனிட் விலையை உயர்த்திய பிறகு வந்த முதல் மின்கட்டணம், வழக்கத்தைவிட இரட்டிப்பாக இருந்தது. விலை உயர்வால் மட்டும் அவ்வளவு ஏறாதே என்று, மனைவியின் கரண்ட் அடுப்பைக் குற்றவாளியாக்கிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

காலை ஷிப்டுக்குச் சமைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியவள் கொதித்துவிட்டாள்.

“அடுப்பு மேல ஏங்க பழி போடறீங்க? தீபாவளிக்கு முன்னாடி ரீடிங் எடுக்க வேண்டியவரு, தீபாவளி முடிஞ்சில்ல வந்தாரு? எல்லாத்துக்கும் தேதி எழுதி வெக்கறவரு நீங்க, இத எழுதலையா?”

எழுதவில்லைதான். இரண்டு மாதக் கணக்கில் கூடுதல் நாட்களும் சேர்ந்ததால், எங்கள் உபயோகம் அதிக விலையுள்ள படிக்குத் தாவியிருந்தது.

இருவரும் மின்வாரிய அலுவலகம் போனோம்.

“நாள் முன்ன பின்ன ஆகும் சார். எல்லாரும் கட்டிட்டுத்தான போறாங்க?” என்றார் அங்கிருந்தவர்.

“எல்லாரும் கட்டட்டும். நீங்க நாள் கணக்குப் பாத்துப் பிரிச்சுப் போடுங்க, நாங்க கட்டறோம்” என்று மனுவை நீட்டிவிட்டு, மனைவி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மதியத்துக்குள் தொகை குறைந்தது. அன்று மாலையே அடுப்பைப் பரணிலிருந்து இறக்கினேன்.

ஆணையம் உயர்த்திய விலையைக் கட்டித்தான் ஆக வேண்டும். அடுத்தவர் தாமதத்துக்கும் சேர்த்துக் கட்ட முடியாது. இப்போதெல்லாம் ரீடிங் நாளன்று மீட்டரைப் படம் எடுத்துவிடுகிறேன். மாலைக்குள் யாரும் வரவில்லையென்றால், மறுநாள் அலுவலகம் திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன்.