“நோ ஹரி, ஆன்ட்டி”

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண் என்னிடம் ஓர் ஆட்டோ கேட்டாள். கேட்டது காதில் விழுந்தது. ஆனால் புரியவில்லை.

பெயர் கிரேஸ். ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுக்காரி. சின்னாளப்பட்டி பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். பேகம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. மோட்டார் போடச் சொல்வதாக இருந்தால்கூட, “ஸாரி டு டிஸ்டர்ப் யூ, ஆன்ட்டி” என்று ஆரம்பித்து, “நோ ஹரி” என்று முடிப்பாள். அவசரமில்லையாம். அவளே சொல்கிறாளே என்று நானும் கைவேலையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

அன்று மதியம் என் நாத்தனார் குடும்பம் விருந்துக்கு வந்திருந்தது. பிரியாணி தம்மில் இருக்கிறது. பின்வாசல் படியில் கிரேஸ். “ஸாரி ஆன்ட்டி. வயிறு கொஞ்சம் வலிக்கிறது. நீங்கள் ஃப்ரீயாக இருந்தால் ஒரு ஆட்டோ கூப்பிட முடியுமா? நோ ஹரி” என்றாள், இங்கிலீஷில்.

“ஃபைவ் மினிட்ஸ். கோ. சிட்” என்றேன்.

விருந்து நாளில் ஐந்து நிமிடம் என்பது எத்தனை நிமிடம்? பரிமாறினேன், தால்சா ஊற்றினேன், சிரித்துப் பேசினேன். அவளை மறந்தே போனேன்.

முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி வந்தாள். “திரும்பக் கேட்பதற்கு வெரி ஸாரி, ஆன்ட்டி...” அதே மெல்லிய குரல். ஆனால் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பற்றியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

“மைனி, அந்தப் புள்ள சாயுது... புடிங்க!” என்று நாத்தனார்தான் கத்தினாள்.

தெருமுனை ஆட்டோக்காரர் பறந்தார். வழியில் கிரேஸ் வாந்தி எடுத்தாள். எடுத்துவிட்டு அவரிடமும், “ஸாரி, ஸாரி...”

“நீ எதுக்குத்தா ஸாரி சொல்ற? நாந்தேன் பள்ளத்துல விட்டுட்டேன். செத்த நேரம் பொறுத்துக்க, வந்துருச்சு” என்றார் அவர்.

குடல்வால் வெடிக்கிற நிலைமையாம். “இம்புட்டு நேரம் ஏம்மா வச்சிருந்தீங்க?” என்று டாக்டர் கேட்டார்.

உள்ளே ஆபரேஷன். வெளியே என் மடியில் அவள் செல்போன். மணி அடித்தது... அவள் அம்மா! எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? “டாட்டர்... டாக்டர்... குட் டாக்டர்” என்று உளறினேன். அந்தப் பக்கம் அழுகையோடு, “தேங்க்யூ, சிஸ்டர், தேங்க்யூ.” எனக்கா நன்றி? வாயில் முந்தானையை வைத்துக்கொண்டேன்.

அல்லா காப்பாற்றினான். மறுநாள் கண்ணைத் திறந்து நன்றாகப் பேசினாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன் — அவ்வளவு வலியில் ஏன்மா அவசரமில்லை என்றாய்?

தயங்கித் தயங்கிச் சொன்னாள். “நீங்கள் எப்போதும் என் மேல் கோபமாக இருக்கிறீர்கள் என்று நினைத்தேன், ஆன்ட்டி.”

கோபமா? நானா?

“கம். ஈட். டோன்ட் கோ. ஷட் த டோர்.” நான் பேசுவதை அப்படியே சொல்லிக் காட்டினாள்.

யோசித்துப் பார்த்தேன். தமிழில் “வாம்மா” என்பேன், “சாப்பிடுத்தா” என்பேன். இங்கிலீஷில் அந்த ‘ம்மா’வை எங்கே ஒட்டுவது? ஒட்டத் தெரியாமல், வெறும் கட்டளையாகவே எட்டு மாதம் அந்தப் பிள்ளையை அதட்டியிருக்கிறேன். அவளோ ஒவ்வொரு தடவையும் பயந்து பயந்து வார்த்தைகளை அடுக்கியிருக்கிறாள்.

வயதில் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. “ஸாரி, கிரேஸ். ஐ நோ ஆங்ரி. ஐ... ஒன்லி தமிழ்” என்றேன்.

தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

இப்போது எங்கள் வீட்டு முன்னறையில்தான் படுத்திருக்கிறாள். மணிக்கொரு தரம் போய் வலிக்கிறதா என்று கேட்கிறேன். “ஐ ஆம் ஃபைன், ஆன்ட்டி” என்கிறாள்.

சரி என்று சொல்லிவிட்டு, அவள் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்த பிறகுதான் நகர்கிறேன்.