‘ஃபோபியா’ டிரைவர்

அந்த நகரப் பேருந்தின் ஓட்டுநருக்குப் பட்டப்பெயரே ‘ஃபோபியா’தான். அப்படி முடியும் ஆங்கிலச் சொற்களெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஐலூரோஃபோபியா என்றால் பூனைப் பயம், போகோனோஃபோபியா என்றால் தாடிப் பயம் என்று நடத்துநரின் உயிரை வாங்குவார். நடத்துநரோ தாடிக்காரர்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆற்றுப் பாலம் வழியாகத்தான் அவருடைய வண்டி ஓடுகிறது. ஒருநாள் பாலத்தில் ஏறியதுமே, முன் இருக்கையில் இருந்த அம்மாள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

பாலம் தாண்டி நிறுத்தத்தில் நின்றதும் ஓட்டுநர் திரும்பினார். “இதுக்கு ஜெஃபிரோஃபோபியான்னு பேரும்மா. பாலத்தக் கண்டா பயம்.”

“இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மொதமொதல்ல தேடிப் படிச்சதே இந்த வார்த்தையத்தான்.” உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். “நீங்களாவது கண்ண மூடிக்கிறீங்க. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லியே!”